கவசம் பூண்ட காரியாலயம்

பீரங்கி தாங்கிய டாங்கியைக் காணப் பலர் கூடுவர். அதனருகே நிற்கும் கட்டளை வண்டியை நோக்குவார் சிலரே. தேசப்படத்தை விரித்து, வானொலியில் வரும் செய்திகளைத் தொகுத்து, படைத்தலைவர் உத்தரவு பிறப்பிக்கும் இடம் அது. ஆகலின் அதனை ஆயுதம் என்பதினும் கவசம் பூண்ட காரியாலயம் என்பதே பொருந்தும். சேனையினின்று விலக்கப்பட்ட அத்தகைய வண்டியைச் சீர்ப்படுத்துவோர் இதனை மறத்தலாகாது.

கோவென்ட்ரி நகரத்து ஆல்விஸ் கம்பெனியாரின் 'சுல்தான்' என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1970-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் சேனையிற் சேர்ந்த இது, ஸ்கார்ப்பியன் என்னும் இலகு டாங்கியின் இனத்தது. எடை எட்டு டன்னுக்குச் சற்று மேல். முன்னோக்கிச் செல்ல ஏழு கியர், பின்னோக்கிச் செல்லவும் ஏழு கியர். பின்வாங்குதலும் போர்த்தொழிலில் ஒரு கலை போலும்!

இதன் கவசம் எஃகன்று, அலுமினியம். துருவைத் தேடிச் செல்வோர் இங்கே ஏமாறுவர். துத்தநாகமும் மக்னீசியமும் கலந்த இவ்வகை அலுமினியத்தில், பற்றவைத்தபோது தங்கிவிட்ட இழுவிசையும் காற்றின் ஈரமும் ஒருங்கு கூடின், தகட்டின் வெட்டிய ஓரத்தில் நுண்ணிய வெடிப்புத் தோன்றி மெல்ல உள்ளே ஓடும். சாயநீரைத் தடவித் துடைத்து, வெண்பொடி தூவினால், வெடிப்பில் தங்கிய சாயம் கோடாக வெளிப்படும். கோட்டைக் கண்டவுடன் அதன்மேற் பற்றவைத்து மூடுதல் தகாது. அவ்வெப்பமே அருகில் புதிய இழுவிசையை விளைவிக்கும். எஃகு ஆணிகள் அலுமினியத்தைத் தொடும் இடங்களும் ஈரம் பட்டால் அரிக்கப்படும்.

யந்திரம், ஜாகுவார் மோட்டார் கார்களிற் புகழ்பெற்ற 4.2 லிட்டர் பெட்ரோல் யந்திரமே. சேனையின் தரங்குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப அதன் வலிமை சுமார் 190 குதிரைச் சக்தியாகக் குறைக்கப்பட்டது. பிற்காலத்தில் இவ்வினத்து வண்டிகள் பல டீஸலுக்கு மாறின. டீஸலோடு சேவித்த வண்டியைப் பெட்ரோலுக்குத் திருப்புவதைச் சிலர் மெச்சுவர், நாம் மெச்சோம். அது வண்டியின் சரித்திரத்தையே அழிப்பதாகும்.

வெளிவர்ணத்தில் ஒரு மாதத்தைச் செலவிட்டு, உட்புறத்தை வெறும் பெட்டியாக விடுவது இன்னும் பெரிய குறை. நெடுநேரம் உள்ளிருந்து வேலை செய்தற்கன்றோ இதன் கூரை, ஸ்பார்ட்டன் என்னும் உடன்பிறந்த வண்டியின் கூரையைவிட உயர்த்தப்பட்டது! க்ளான்ஸ்மன் வானொலிக் கருவிகள், அவற்றின் கம்பிகள், படப் பலகை, பின்புறத்தில் விரிக்கும் கூடாரம் ஆகியவற்றை முதலில் தேடிச் சேர்த்தல் வேண்டும். உட்சுவரில் யாரோ ஒரு சிப்பாய் பென்சிலால் குறித்த அலைவரிசை எண்கள் தென்படின், அவ்விடத்தை மட்டும் வர்ணம் பூசாது விட்டுவிடுக.