ஊர் வழக்கம் மறுமையில் பதிலாகுமா?



ஆம்பூரில் தைத்த ஷூவை ஒருவர் துபாயிலுள்ள தன் சொந்தக் கம்பெனிக்கே குறைந்த விலையில் பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு நேராக ஐரோப்பா போகிறது. லாபம் துபாயில் தங்குகிறது. 2023 ஜூன் வரை அங்கே பொதுவான கம்பெனி வரி இல்லை. சொந்தக் கம்பெனியானாலும் அந்நியருக்கு விற்கும் விலையே கணக்கில் வர வேண்டும் என்று 2001-லேயே இந்தியா சட்டம் போட்டது.

"எல்லாரும் செய்வதுதானே" என்கிறோம். 1996-ல் பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அன்றும் லாபம் சிலருக்கு, சுமை ஊருக்கு.

சட்டம் தரும் சலுகையை எடுப்பது தவறல்ல. விலையைப் பொய்யாக எழுதுவதோ, அளவு குறைப்போரை சூரத்துல் முதஃப்பிஃபீன் எச்சரிக்கும் அதே மோசடி.

அல்லாஹ் நமக்கு ஹலாலான ரிஸ்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.