மலாவி வார்டுக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்குத் தன்னார்வ நர்ஸாகப் போகிறாய், அதுவும் குழந்தைகள் வார்டுக்கு என்று சித்தி போனில் சொன்னார். கிளம்பும்முன் செய்ய வேண்டியவை இரண்டுதான். அந்நாட்டு நர்ஸ் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்கு; மலேரியாத் தடுப்பு மாத்திரையை இங்கேயே டாக்டரிடம் கேட்டு ஆரம்பி. சேவைக்குத்தானே போகிறோம் என்று பதிவில்லாமல் ஊசியைக் கையில் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். நம்மூரில் செய்ய அனுமதியில்லாத எதையும் அங்கேயும் செய்யாதே.

வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் சித்தெஞ்சே துணியை விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார். பெரும்பாலும் தாய், சில நேரம் பாட்டி. அங்கே அவரைக் 'கார்டியன்' என்பார்கள். நம்மூர் அட்டெண்டரைவிட அவருக்கு வேலை அதிகம். குழந்தையைத் துடைத்துவிடுவது, பால் புகட்டுவது, துணி துவைப்பது, வளாகத்து ஓரக் கொட்டகையில் விறகடுப்பு மூட்டிச் சமைப்பது எல்லாம் அவர்தான். இரவில் வார்டு முழுவதற்கும் ஒரே நர்ஸ் இருக்கும்போது, மூச்சு வாங்குகிறது என்று முதலில் ஓடிவந்து சொல்பவரும் அவரே. ஆகவே நேராக ட்ரிப்ஸில் கைவைக்காமல் 'முலி ப்வாஞ்ஜி' என்று நலம் விசாரி. அவர் பதில் சொல்லி, திரும்ப உன்னை விசாரிக்கும்வரை நில். பிறகு ஹெல்த் பாஸ்போர்ட்டைக் கேள். தடுப்பூசி, பழைய காய்ச்சல், கொடுத்த மருந்து எல்லாம் எழுதிய அந்தச் சின்னப் புத்தகம் மருத்துவமனையில் இருக்காது. அவர் பையில்தான் இருக்கும்.

ரவுண்ட்ஸ் வருபவர் பெரும்பாலும் கிளினிக்கல் ஆபீசர். எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல என்று அலட்சியமாகப் பார்க்காதே. மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன் வரை செய்பவர்கள் அவர்கள். உனக்கு அங்கே அவர்கள்தான் ஆசிரியர்கள்.

நீ போகும் ஜனவரியில் மழை உச்சத்தில் இருக்கும், மலேரியாவும் கூடவே வரும். போன வருடத்து மக்காச்சோளம் தீர்ந்து, புது அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும். ஊட்டச்சத்துக் குறைவான குழந்தைகள் வரிசையாக வருவார்கள். எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தையை யாரும் தவறவிடுவதில்லை. குவாஷியோர்கர் வந்த குழந்தைதான் ஏமாற்றும். கன்னம் உப்பி, கொழுகொழுவென்று தெரியும். புறங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார். பள்ளம் அப்படியே நிற்கும். அது சதையல்ல, நீர். பாவமாக இருக்கிறதே என்று வயிறு நிறைய ஊட்டினால் அந்தக் குழந்தையின் இதயம் தாங்காது. முதலில் எஃப்-75 என்ற பால்: 100 மில்லிக்கு 75 கலோரி, புரதம் குறைவு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அளந்து, இரவிலும். விடியற்காலை வேளையைத் தவறவிட்டால் சர்க்கரை இறங்கும், உடம்பு சில்லிடும். அசந்து தூங்கும் தாயைத் தோளைத் தொட்டு எழுப்பத் தயங்காதே.

சில நாளில் வீக்கம் வடியும். அப்போது எடையும் குறையும். தாய் தராசு முள்ளைப் பார்த்துவிட்டு, 'இங்கே வந்தும் இளைக்கிறானே' என்று மூட்டையைக் கட்டத் தொடங்குவார். எடை பார்ப்பதற்கு முன்பே, உள்ளூர் நர்ஸை வைத்துச் சிச்சேவா மொழியில் அவருக்கு விளக்கிவிடு. வடிந்த காலைக் காட்டிப் பேசினால் சட்டென்று புரியும்.

அப்படியும் வீட்டுக்குப் போக வேண்டும் என்பார் சிலர். கோபப்படாதே. களையெடுக்காத கொல்லை ஒருபக்கம், பக்கத்து வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள் ஒருபக்கம். முன்பெல்லாம் இந்தச் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் வார்டிலேயே கிடக்க வேண்டும். மார்க் மனரி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், வேர்க்கடலை விழுதும் பால் பவுடரும் சேர்ந்த சத்துணவைக் கொடுத்து வீட்டிலேயே குணமாக்கலாம் என்பதை இதே மலாவியில் செய்து காட்டினார். 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அந்த முறையை ஏற்றன. ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கலோரி. பசி திரும்பி, வேறு சிக்கலும் இல்லாத குழந்தையை இதோடு வீட்டுக்கு அனுப்பலாம். எனவே 'போகாதே' என்று தடுப்பதைவிட, 'இந்தப் பொட்டலத்தைத் தின்கிறானா பார்ப்போம், தின்றால் போகலாம்' என்று சொல். பெரும்பாலான தாய்மார்கள் அதற்குக் காத்திருப்பார்கள்.

மின்சாரம் போகும். ஷிரே ஆற்று நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருக்கும் நாடு. 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா மின்நிலையத்தை முடக்கிப்போட்டது. கரண்ட் போனால் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரும் நின்றுவிடும். டியூட்டி ஏற்றதும் சிலிண்டரில் அளவு எவ்வளவு, அதைத் திறக்கும் சாவி எங்கே என்று பார்த்துவிடு. சாவி தேடி அலைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ன்சிமா என்பது மக்காச்சோள மாவில் கிண்டிய களி, நிறம்தான் வெள்ளை. கீரையோ மீனோ தொட்டுக் கையால்தான் சாப்பிடுவார்கள். உனக்கு இரண்டே நாளில் பழகிவிடும்.

வார்டில் போனை எடுத்துப் படம் பிடிக்காதே, அந்தத் தாய் சிரித்துத் தலையாட்டினாலும்கூட. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் 'வேண்டாம்' என்று சொல்ல அவரால் முடியாது.

கருவி ஏதாவது வாங்கிப் போகலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் அந்த வார்டின் இன்சார்ஜுக்கு எழுதிக் கேள். அங்கும் 230 வோல்ட்தான், ஆனால் பிளக் பிரிட்டிஷ் பாணியில் மூன்று செவ்வக முள். அதனால் பேட்டரியில் ஓடும் பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் வசதி. குழந்தை விரலுக்குப் பொருந்துவதாக வாங்கு, கூடுதல் பேட்டரியும் வை. போனதும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதிக் கொடுத்துவிடு. அவர் எதுவும் தேவையில்லை என்றால் விட்டுவிடு, பெட்டியில் அந்த இடத்துக்கு ஒரு மழைக்கோட்டும் டார்ச்சும் எடுத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா