தறியும் ஆட்சியும்: போருக்குப் பின் ஆரணியும் லங்காஷயரும்

முன்னுரை

சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்பது துணி. பட்டும் பருத்தியும் நெய்த காருகர் புகார் நகரில் வாழ்ந்த செய்தியைச் சிலப்பதிகாரம் தருகிறது. இத்துணைப் பழமை வாய்ந்த நெசவுத் தொழிலை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் அரசியல் எவ்வாறு தாங்கியது, பெருகிய வளம் யாரைச் சென்றடைந்தது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியை நடுவில் வைத்து, அக்காலப் பிரிட்டனையும் உடன்வைத்து நோக்குவோம்.

பிரிட்டன் கண்ட மாற்றம்

1945-ஆம் ஆண்டுத் தேர்தலில் அட்லி தலைமையிலான தொழிற்கட்சி வென்றது. பெவரிட்ஜ் அறிக்கை 1942-இல் வகுத்துக் காட்டிய சமூகக் காப்பீடு சட்டமாயிற்று. 1948 ஜூலை 5 அன்று தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியது. 1951-இல் ஆட்சிக்கு வந்த பழமைவாதக் கட்சியும் இவற்றைக் கலைக்கவில்லை. உணவுப் பங்கீடு 1954-இல் முடிவுற்றது. வேலையின்மை குறைந்தது, தொழிலாளர் இல்லங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டி இடம்பெறலாயிற்று.

எனினும் இதே வளமான காலத்தில்தான் லங்காஷயரின் பருத்தி ஆலைகள் நலிந்தன. ஒரு காலத்தில் நம் நாட்டுச் சந்தையைத் தன் துணியால் நிரப்பிய பிரிட்டன், 1958-இல் ஏற்றுமதி செய்ததைவிட மிகுதியான பருத்தித் துணியை இறக்குமதி செய்தது. 1959-ஆம் ஆண்டுப் பருத்தித் தொழிற் சட்டம், பழைய தறிகளையும் கதிர்களையும் உடைத்து அகற்ற உடைமையாளர்க்கு இழப்பீடு அளித்தது. எஞ்சிய ஆலைகளின் இரவு முறைப் பணிக்கு இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் மக்கள் சென்றனர். 1962-இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பின்னர் அவ்வாலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

தமிழகத்தில் கைத்தறி அரசியல்

போர்க்காலத்து நூல் தட்டுப்பாடும் அதனைத் தொடர்ந்த துணித் தேக்கமும் தமிழக நெசவாளரை வாட்டின. தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ (1953) அத்துயரைப் பொருளாகக் கொண்ட நாவல். 1952-இல் முதலமைச்சரான இராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்குமாறு நடுவணரசை வற்புறுத்தினார். அவரைக் கடுமையாக எதிர்த்த அண்ணாவும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் 1953-இல் கைத்தறித் துணிகளைத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றனர். பலவற்றில் மாறுபட்ட இருவரும் தறியைக் காப்பதில் ஒருமுகப்பட்டனர் என்பது கருதத்தக்கது. அகில இந்தியக் கைத்தறி வாரியம் 1952-இல் அமைந்தது. மறு ஆண்டில் ஆலைத் துணிமீது கூடுதல் தீர்வை விதித்து, அப்பணத்தைக் கைத்தறி வளர்ச்சிக்கும் கதர் வளர்ச்சிக்கும் அளிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் அதன் கீழ் இயங்கிய கூட்டுறவுச் சங்கங்களும் இதனால் வலுப்பெற்றன. நெசவு நகராகிய காஞ்சியில் பிறந்த அண்ணா 1967-இல் முதலமைச்சரானார்.

ஆரணித் தறி

பட்டு நெசவு இல்லத் தொழில். கருநாடகத்துப் பட்டும் சூரத்துச் சரிகையும் ஆரணிக்கு வந்து சேர்கின்றன. ஆடவர் குழித்தறியில் அமர, பெண்டிர் நூல் இழைத்துத் தார் சுற்றுவர், முதியோரும் உதவுவர். கூலியோ ஒரு புடவைக்கு இவ்வளவு என்றே அளக்கப்படும். அதனுள் எத்தனை கைகளின் உழைப்பு அடங்கியது என்பதற்குக் கணக்கில்லை.

அரசுப் பணியும் கல்வியும் பரவப் பரவ, செல்வர் வீட்டுப் பட்டு நடுத்தரக் குடும்பத்துத் திருமணத்திற்கும் உரியதாயிற்று. காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்த ஆரணிப் பட்டு அவர்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. ஊர் வளர்ந்தது. ஆயினும் முதலாளியிடம் முன்பணம் பெற்ற நெசவாளி, அதனைத் தீர்க்கும்வரை வேறிடம் செல்ல இயலாதவராக இருந்தார். கடன் தீராத இல்லங்களில் பிள்ளைகள் பள்ளியை விட்டுத் தறியில் அமர்ந்தனர். 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பள்ளிக்கு ஈர்த்த பிள்ளைகளைத் தறி தன்பால் இழுத்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. சிலவகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டு, 1993-இல் உச்ச நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டது.

ஒப்பீடு

லங்காஷயரில் தொழில் அழிய விடப்பட்டது. ஆனால் வேலை இழந்தவர்க்கு மருத்துவமும் காப்பீட்டுத் தொகையும் இருந்தன. இங்கே தொழில் சட்டத்தால் காக்கப்பட்டது. தொழிலாளியின் நோய்க்கும் முதுமைக்கும் உரிய காப்பு பிற்பட்டே வந்தது. வந்ததும் பெரும்பாலும் கூட்டுறவு உறுப்பினர்க்கே எட்டியது. தனியாரிடம் கூலிக்கு நெய்தவர் அதற்கு வெளியே நின்றனர். தறிக்குத் தந்த காப்பைத் தறியில் அமர்ந்தவர்க்கும் தந்திருந்தால், பிள்ளைகள் கல்வியை இழந்திருக்க வேண்டியதில்லை என்பது நம் துணிபு.

முடிவுரை

நெசவாளர் இல்லத்துப் பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் பயில்கின்றனர். அவருட் பலர் தறிக்குத் திரும்பார். இது வருந்துதற்குரியதன்று. ஆயினும் பாவு, ஊடை, விழுது, அச்சு, நாடா என்னும் சொற்களும், எந்த ஆண்டில் எந்தப் புடவைக்கு என்ன கூலி என்னும் நினைவும் பெரியோருடன் மறைந்துவிடும். தமிழ் பயிலும் மாணவர் தத்தம் தெருவில் உள்ள முதிய நெசவாளரை அணுகி, அவர் கூறுவனவற்றை அவர் சொற்களிலேயே எழுதிவைத்தல் வேண்டும். ஆரணியின் சமூக வரலாற்றுக்கு அதுவே முதற் சான்றாக அமையும்.