கோப்பைக்கு ஒரு படி கீழே: தொடர்வதா, புதிதாகத் தொடங்குவதா?

மட்டாஞ்சேரியில் நறுமணப் பொருள் வணிகம் தலைமுறைகளாக நடந்து வருகிறது. அங்குள்ள சிறு வணிகர் ஒருவர் ஆண்டுதோறும் இலாபத்தின் விளிம்பைத் தொட்டு மீள்கிறார் எனக் கொள்வோம். அவர் இருப்பதைத் தொடர்வதா, கடன் பெற்று அனைத்தையும் மாற்றியமைப்பதா? காயலுக்கு அப்பால், கலூர் அரங்கில் விளையாடும் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியும் இதே கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டுள்ளது. அதன் வரலாற்றிலிருந்து நாம் கற்கக்கூடியது ஏராளம்.

மூன்று இறுதியாட்டங்கள்

இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவமான 2014இல், கூடுதல் நிமிடங்களில் விழுந்த ஒரே கோலால் இவ்வணி கொல்கத்தாவிடம் கோப்பையை இழந்தது. 2016இல் சொந்த ஊரான கொச்சியிலேயே அதே அணியிடம் பெனால்டியில் 3–4 எனத் தோற்றது. 2022 மார்ச்சில் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில், 88ஆம் நிமிடம் வரை முன்னிலையில் இருந்தும், ஐதராபாத்திடம் பெனால்டியில் வீழ்ந்தது. 2024–25 பருவம் முடிந்தபோதும் லீக் கோப்பை இவ்வணிக்கு வாய்க்கவில்லை.

இரு வகை மாற்றங்கள்

2014இன் தோல்விக்குப் பின் பயிற்சியாளர் மாறினார். அதிக கோல் அடித்த இயன் ஹ்யூம் கொல்கத்தா அணிக்குச் சென்றார். அடுத்த பருவத்தில் பிளாஸ்டர்ஸ் எட்டு அணிகளில் கடைசி இடம் பெற்றது.

2021இல் நிகழ்ந்த மாற்றம் வேறு வகையானது. பதினோர் அணிகளில் பத்தாம் இடத்தில் முடித்திருந்த அணிக்கு இவான் வுகோமானோவிச் பயிற்சியாளரானார். அட்ரியன் லூனா உள்ளிட்ட வெளிநாட்டு வீரர்கள் புதிதாக வந்தனர். ஆனால் சகல் அப்துல் சமது, ஜீக்சன் சிங் போன்ற உள்நாட்டு இளைஞர்கள் தக்கவைக்கப்பட்டனர். அந்தப் பருவத்திலேயே அணி இறுதியாட்டத்தை எட்டியது. அடித்தளம் காக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம் எனலாம்.

கூடைப்பந்து கூறும் கணக்கு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் சில அணிகள் வேண்டுமென்றே சில ஆண்டுகள் நலிந்து, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமையை நாடுகின்றன. எனினும் 2019இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கடைசி மூன்று இடங்களில் உள்ள அணிகளுக்கும் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு தலா 14 விழுக்காடே.

ஓக்லஹோமா சிட்டி 2020–21இல் 72 ஆட்டங்களில் 22இல் மட்டுமே வென்றது. 2025இல் வாகையர் ஆனது. பிலடெல்பியாவோ 2013 முதல் மூன்று பருவங்களில் முறையே 19, 18, 10 ஆட்டங்களையே வென்றது. 2025 வரை கோப்பை கைகூடவில்லை. வென்றவரின் கதை மட்டுமே பரவலாகப் பேசப்படுவதால், மறுகட்டமைப்பு எளிதென நாம் எண்ணிவிடுகிறோம்.

நமது கணக்கேட்டில்

நம் வணிகர் 10 இலட்சம் ரூபாயை 11 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெறுகிறார் எனில், மாதத் தவணை ஏறத்தாழ 21,740 ரூபாய். புதிய தொழில் முதல் ஓராண்டு வருவாய் தராவிடில், தவணைக்கு மட்டும் சுமார் 2.61 இலட்சம் ரூபாய் தேவை. குடும்பச் செலவு இதற்குப் புறம்பானது. தவணை செலுத்த அவகாசம் கிடைத்தாலும் அக்காலத்து வட்டி அசலோடு சேரும் என்பதை மறத்தலாகாது.

எனவே முடிவெடுக்குமுன் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்வோம்:

1. இழப்பு தற்செயலானதா, கட்டமைப்பின் குறையா? பெனால்டியில் தோற்பதும் கடைசி இடம் பெறுவதும் ஒன்றல்ல. ஓராண்டு மழை கெடுத்த வணிகத்தையும், ஐந்தாண்டாகத் தேயும் வணிகத்தையும் பிரித்தறிதல் வேண்டும்.

2. எதைக் காக்க வேண்டும்? நம்பிக்கையான வாடிக்கையாளர், திறமையான பணியாளர், நல்ல கடன் வரலாறு ஆகியவை இழந்தால் எளிதில் மீளாதவை.

3. வறண்ட காலத்தை எத்தனை மாதம் தாங்க முடியும்? அதற்கான இருப்பு கையில் இல்லாதவரை, பகுதி பகுதியாக மாற்றுவதே அறிவுடைமை.

இதுவரை செலவிட்டது திரும்பி வாராது. அதன் பொருட்டுத் தொடர்தலும் தவறு, சலிப்பின் பொருட்டுக் கலைத்தலும் தவறு. கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் இம்மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதி, குடும்பத்தாருடன் அமர்ந்து ஆராய்வோம்.