கை விலகும் நொடி

அன்புள்ள தம்பி,

குடற்புழு மருந்து கொடுக்கப் போனாலே குதிரை தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது, பாதி பேஸ்ட் தரையில்தான் விழுகிறது என்று எழுதியிருந்தாய். மேலுதட்டில் கயிற்றைப் போட்டு முறுக்கிப் பிடிக்கலாமா என்றும் கேட்டிருந்தாய்.

முறுக்கினால் நிற்கும். அப்படி முறுக்கும்போது குதிரையின் ரத்தத்தில் எண்டார்ஃபின் என்ற, உடலே சுரக்கும் வலி மட்டுப்படுத்தி கூடுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1984-இலேயே காட்டியிருக்கிறார்கள். அவசரச் சிகிச்சையில் மருத்துவர் அதைப் பயன்படுத்தட்டும். ஆனால் இனியும் பலமுறை மருந்து கொடுக்கப்போகிறவன் நீ. கயிற்றால் நின்ற குதிரை உன்னிடம் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அது கற்பதெல்லாம் உன் கை எப்போது விலகுகிறது என்பதிலிருந்துதான். தலையை உதறியதும் நீ கையை எடுத்தால், உதறினால் விட்டுவிடுவார்கள் என்று படித்துக்கொள்ளும். அமைதியாக நின்ற நொடியில் எடுத்தால், நின்றால் விட்டுவிடுவார்கள் என்று படித்துக்கொள்ளும். இந்த ஒன்றை உன் கைகள் பழகிவிட்டால் போதும்.

முதலில் மருத்துவரிடம் சொல்லி வாயைப் பார்க்கச் சொல். கடைவாய்ப் பல்லின் விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழித்திருக்கலாம். வலியால் விலகும் குதிரையை முரடு என்று நினைத்துவிடாதே.

பிறகு மருந்தே இல்லாமல் தொடங்கு. குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. அதனால் தோளுக்குப் பக்கத்தில் நில். கம்பத்தில் கட்டாதே, கயிறு உன் கையில் தளர்வாக இருக்கட்டும். கழுத்து, கன்னம், உதட்டோரம் என்று தடவிக்கொண்டே போ. தலை உயர்ந்தால் உன் கையும் கூடவே மெல்ல உயரட்டும். அழுத்தாதே, எடுத்தும் விடாதே. தலை இறங்கியதும் எடுத்துவிடு. உதட்டோரம் பழகியபின் வெற்றுச் சிரிஞ்சால் அதையே செய். அதன்பின் சிரிஞ்சில் வெல்லத் தண்ணீர். குளம்பு அழற்சி வந்த குதிரையென்றால் வெல்லம் வேண்டாம், பதிலுக்கு எதைக் கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேள். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் போதும். நன்றாகப் போகும்போதே நிறுத்து.

மருந்து நாளில் வாயில் தீவனம் இருக்கக் கூடாது. இருந்தால் பேஸ்ட் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அளவு உடல் எடையைப் பொறுத்தது: ஐவர்மெக்டின் என்றால் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 450 கிலோ குதிரைக்கு 90 மில்லிகிராம். சிரிஞ்சின் தண்டில் உள்ள வளையத்தை அந்த எடைக் கோட்டில் நிறுத்தி, நகராமல் பூட்டியிருக்கிறதா என்று பார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கூடுதலாக உள்ளே போனது போனதுதான்.

முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, கடிவாளத்தின் இரும்பு உட்காரும் இடைவெளி வழியாகச் சிரிஞ்சை நுழை. ஆண் குதிரைக்கு அங்கே கோரைப்பல் இருக்கும், விரல் பத்திரம். நாக்கின் பின்பக்கம் மருந்தை வைத்துவிட்டு, விழுங்கும்வரை முகவாயைச் சற்றே தாங்கிப் பிடி. நீர் மருந்தென்றால் தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெடும்.

கொடுத்து முடித்ததோடு விட்டுவிடாதே. அடுத்த சில நாள்களும் அதே சிரிஞ்சில் இனிப்புத் தண்ணீர் கொடு. பல இனிப்புகளுக்கு நடுவே ஒரு கசப்பு வந்தால் குதிரை அதைப் பெரிதுபடுத்தாது.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ஒரு நாள் கால் வீங்கி நிற்கும் குதிரைக்கு, கசப்பான வலி மருந்தை வேளை தவறாமல் பல நாள் கொடுக்க வேண்டிவரும். ஒவ்வொரு வேளையும் மல்லுக்கட்டாக இருந்தால், எவ்வளவு அக்கறையுள்ளவனும் ஒரு வேளையைத் தள்ளிப்போடுவான். அந்த இழப்பு குதிரைக்கு. ஆகையால் அது நலமாக இருக்கும்போதே பழக்கு. நாளைக் காலை உடம்பு தேய்த்து முடித்ததும், வெறும் கையோடு தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்