ஆங்கில இலக்கிய முதுகலை நுழைவுத் தேர்வு: மாணவர் படிக்கும் முறை

ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடிக்கும் மாணவ, மாணவியர் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை பயில விரும்பினால், தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொது நுழைவுத் தேர்வை எழுதுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இத்தேர்வின் வழியாகவே, திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இடம் பெற இயலும். சிற்றூர்க் கல்லூரியில் பயின்ற ஏழைப் பெண்ணும், பெருநகரில் பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளையும் இதே தேர்வைத்தான் எழுதுகின்றனர். பயிற்சி நிலையங்களுக்குப் பெருந்தொகை செலுத்த இயலாத பிள்ளைகளை மனத்திற் கொண்டே இப்பாடத்தை எழுத முற்பட்டோம்.

முதற்கண் தேர்வின் அமைப்பை அறிவோம். 2025ஆம் ஆண்டில் 75 வினாக்களுக்கு 90 நிமிடங்கள் தரப்பட்டன. கணினித் திரையில் வினாவைப் படித்து, நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்தல் வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். விதிகள் மாறக்கூடுமாதலால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்தல் கடமை. கழிக்கப்படும் மதிப்பெண்ணுக்கு அஞ்சிப் பல வினாக்களைத் தொடாமலே விட்டுவிடும் பிள்ளைகள் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு விடைகளுள் இரண்டு பொருந்தா என உறுதியாகத் தெரிந்து, எஞ்சிய இரண்டனுள் ஒன்றைக் குறிக்கிறோம் என்க. இத்தகைய பத்து வினாக்களுள் ஐந்து சரியாகவும் ஐந்து தவறாகவும் அமையின், 20 பெற்று 5 இழக்கிறோம். 15 மதிப்பெண் மிஞ்சுகிறது. ஆகவே பொருந்தாதவற்றை விலக்கத் தெரிதல் பெரிதும் பயன் தரும்.

அத்திறன் கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்களால் வருவதன்று. அவை நூற்பெயரையும் ஆண்டையும் பட்டியலிட்டுத் தருகின்றன. ஏன் என்பதைச் சொல்வதில்லை. பட்டியலை மட்டும் உருப்போட்டவர், நூல்களைக் காலவரிசையில் அடுக்குமாறு கேட்கும் வினாவில் தடுமாறுகிறார். காரணத்தோடு கற்ற ஆண்டு எளிதில் மறப்பதில்லை. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது லண்டன் நாடக அரங்குகள் மூடப்பட்டன. 1660இல் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி முடியேற்றபின் அவை மீண்டும் திறந்தன. அதன் பின்னரே இங்கிலாந்தின் பொது அரங்கில் பெண் வேடங்களைப் பெண்களே ஏற்று நடித்தனர். ஆஃப்ரா பென் என்னும் பெண்மணி நாடகம் எழுதிப் பொருளீட்டியதும் அதன் பின்னரே. இவ்விரண்டு ஆண்டுகளும் நெஞ்சில் நின்றால், ஒரு நாடகம் எந்தக் காலத்திற்கு உரியது என்னும் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

மற்றுமோர் எடுத்துக்காட்டு: டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூலால் மனங்கலங்கியே டென்னிசன் ‘இன் மெமோரியம்’ பாடினார் என்று எழுதும் மாணவர் பலர். அப்பாடல் வெளிவந்தது 1850இல். டார்வினின் நூல் வெளிவந்தது 1859இல். கவிஞரைக் கலக்கியவற்றுள் ஒன்று, 1830 முதல் 1833 வரை வெளிவந்த லயலின் நிலவியல் நூல்.

நூல்களை இணை இணையாகப் படித்தலும் நன்று. ஷார்லட் பிராண்டியின் ‘ஜேன் ஏர்’ (1847) நாவலில் மாடியில் அடைபட்டுக் கிடக்கும் பித்துற்ற மனைவிக்கு, ஜீன் ரிஸ் ‘வைட் சர்காசோ சீ’ (1966) நாவலில் ஒரு முழு வாழ்க்கையைத் தந்தார். ஒன்றைப் படித்தபின் மற்றதைப் படித்தால், பெண்ணியத் திறனாய்வும் காலனியத்திற்குப் பிந்தைய திறனாய்வும் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பது எளிதில் விளங்கும்.

இனி யாப்பு. நம் பிள்ளைகள் மிகவும் அஞ்சுவது இப்பகுதியே. அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகையை ஓரளவேனும் கற்றவர்க்கு இவ்வச்சம் வேண்டா. ஆனால் ஒரு வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். தமிழில் அசையைக் குறில், நெடில், ஒற்றுக் கொண்டு பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்துப் பயனில்லை. அழுத்தத்தைச் செவியால் கேட்டறிதல் வேண்டும். ‘ரெக்கார்ட்’ என்னும் சொல் பெயராக வரும்போது முதலசையிலும், வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறும். எழுத்து மாறவில்லை, ஒலி மாறிவிட்டது. அழுத்தமில்லா அசையும் அழுத்தமுள்ள அசையும் இவ்வரிசையில் சேர்ந்தது ‘அயாம்ப்’ என்னும் சீர். அத்தகைய சீர் ஐந்து கொண்ட அடி ‘அயாம்பிக் பென்டாமீட்டர்’.

தொடையிலும் மயக்கம் உண்டு. நாம் எதுகையை அடியின் தொடக்கத்தில் தேடிப் பழகியவர்கள். ஆங்கில ‘ரைம்’ அடியின் இறுதியில் வருவது. நம் இயைபுத் தொடைக்கு நெருங்கியது. பழைய ஆங்கிலக் காவியமான ‘பேவுல்ஃப்’ இயைபால் அன்றி, மோனை போன்ற முதலொலி ஒற்றுமையால் கட்டப்பட்டது. மாணவர் பலர் ‘பிளாங்க் வெர்ஸ்’ என்பதையும் ‘ஃப்ரீ வெர்ஸ்’ என்பதையும் ஒன்றெனக் கொள்கின்றனர். முன்னதில் இயைபு இல்லை, சீரளவு உண்டு. மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ அவ்வகையினது. பின்னதில் வரையறுத்த சீரளவே இல்லை. வாய்விட்டுப் படித்து விரலால் தாளம் தட்டிப் பழகினால் ஒரு மாதத்தில் இது கைவந்துவிடும். அடுத்த அறையில் இருப்போர் நகைத்தாலும் நகைக்கட்டும்.

முன்பின் படித்திராத செய்யுளையும் உரைநடைப் பகுதியையும் தந்து பொருள் கேட்கும் வினாக்களுக்குத் தனிப் பயிற்சி தேவை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவரிடம் தந்து கருத்தெழுதச் செய்தார். அக்கருத்துகளை ஆராய்ந்து அவர் 1929இல் வெளியிட்ட நூலே ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’. நன்கு கற்ற மாணவரும் பொருளைப் பிறழ உணர்ந்தமையை அதிற் காணலாம். அம்முறையை வீட்டிலேயே செய்யலாம். தோழி ஒருத்தி பெயரை மறைத்து ஒரு கவிதையைத் தர, பேசுபவர் யார், யாரை நோக்கிப் பேசுகிறார், எந்த அடியில் குரல் மாறுகிறது என மூன்றையும் நான்கு வரிகளில் எழுதுக. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்ட வினாமுறை இதுவே. வகுப்பறைகளில் பல்லாண்டு கையாண்டு அதன் பயனைக் கண்டிருக்கிறோம்.

இலக்கியக் கோட்பாட்டிற்கு மிகுந்த நேரம் செலவிட வேண்டா. அரிஸ்டாட்டில் முதல் சசூர், பார்த் வரை ஒவ்வொருவர் எழுப்பிய வினாவையும் ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் தொடக்கத்திற்குப் போதும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இத்தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் மகனுக்குத் தனி அறை ஒதுக்கும் வீட்டிலேயே, மகளைப் பாத்திரம் துலக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் இடையிடையே எழுப்புவதைக் கண்டிருக்கிறோம். நாள்தோறும் காலையில் இரண்டு மணி நேரம் அவளை யாரும் அழைக்காதிருத்தல் வேண்டும். கணினி இல்லாத வீட்டார், தேர்வுக்கு முன் நான்கைந்து முறையேனும் நூலகத்திலோ கணினி மையத்திலோ 90 நிமிடங்கள் அமர்ந்து மாதிரித் தேர்வு எழுத அவளை அனுப்புக; திரையைப் பார்த்து நெடும்பத்தியைப் படிப்பதும் பழக்கத்தால் வருவதே.