சுரங்கத் தொழிலும் கூட்டு முயற்சியும்

பூமியில் மறைந்து கிடக்கும் உலோகத்தை எடுப்பதற்குப் பாறையைப் பிளக்கும் வல்லமை மட்டும் போதாது. ஊறும் ஜலத்தை இறைப்பதற்குப் பொருளும் ஆட்களும் வேண்டும். பொஹீமியா தேசத்து ஜோகிம்ஸ்தால் என்னும் ஊரில், 1516-ஆம் ஆண்டில் வெள்ளித் தாது பெருவாரியாக வெளிப்பட்டது. அவ்வூர் இன்று செக் குடியரசில் உள்ளது. அங்கு வைத்தியராக இருந்த ஜார்ஜ் அக்ரிகோலா என்பவர், சுரங்க முறைகளை ஆராய்ந்து எழுதிய பெருநூல், அவர் காலமான மறு வருஷமாகிய 1556-இல் வெளிவந்தது.

பாறை உடைத்தல்: அக்காலத்தில் சுத்தியலும் இரும்பு உளியுமே முக்கியக் கருவிகள். அவற்றிற்கு இணங்காத கடும்பாறையின் அருகே விறகை அடுக்கித் தீ மூட்டுவர். வெப்பத்தால் பாறை வெடித்துத் தளர்ந்தபின் அதனை உடைப்பது எளிதாகும். புகை நீங்கும் வரை எவரும் உள்ளே இறங்கலாகாது. வெடிமருந்தால் பிளக்கும் முறை, 1627-இல் ஹங்கேரி இராஜ்யத்து ஷெம்னிட்ஸ் சுரங்கத்தில் கையாளப்பட்டது.

ஜலம் இறைத்தல்: சுரங்கம் ஆழமாக ஆக, ஜலமே பெரும் பகையாயிற்று. கிணற்றில் கவலை இறைப்பது போலத் தோற்பைகளால் இறைத்தனர்; நீரோட்டத்தால் சுழலும் சக்கரங்களைக் கொண்டு பம்புகளையும் இயக்கினர். உறிஞ்சு பம்பு ஒன்று ஏறக்குறைய 30 அடிக்கு மேல் ஜலத்தை ஏற்றாது. ஆகவே பம்புகளைப் படிப்படியாக அமைத்து, கீழ்ப்பம்பு தொட்டியில் விட்ட ஜலத்தை மேற்பம்பு எடுக்கும்படி செய்தனர்.

பங்கும் பொறுப்பும்: இச்செலவு தனி ஒருவரால் தாங்கத்தக்கதன்று. ஆதலால் அண்டையிலுள்ள சாக்ஸனியில் ஒரு சுரங்கத்தை 128 பங்குகளாகப் பிரிப்பது வழக்கமாயிருந்தது. லாபம் வந்தால் பங்கிற்கேற்பப் பகிர்வர். தாது அகப்படாத காலத்தில் பங்குதாரர் ஒவ்வொருவரும் செலவிற்குப் பணம் செலுத்த வேண்டும். தவணை தவறியவர் தம் பங்கை இழப்பார். இவ்விதி கடுமையாயினும் அவசியமானதே. பணமின்றிப் பம்பு நின்றால், அனைவருடைய முதலும் ஜலத்தில் மூழ்கிவிடும்.

தொழிலாளர் நலம்: கற்றூள் தொழிலாளரின் நுரையீரலை அரித்தது. கார்ப்பேத்திய மலைச் சுரங்கங்களில், இந்நோயால் ஒருவர்பின் ஒருவராக ஏழு கணவரை இழந்த பெண்களும் இருந்தனர் என அக்ரிகோலா குறிப்பிடுகிறார். தூசியைத் தடுக்க முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளுமாறு அவர் கூறினார். ஜெர்மானியத் தொழிலாளர் தம் சகோதர சங்கங்களில் பொதுப் பெட்டி வைத்து, கூலியில் ஒரு சிறு காசை அதில் இட்டு, நோயுற்றோர்க்கும் விதவைகளுக்கும் உதவி வந்தனர்.

லாபம் காணாத நாளிலும் தவணையை நிறுத்தாது செலுத்தியவர்களாலேயே சுரங்கங்கள் நிலைத்தன. ஐக்கிய சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதனைச் சிந்தித்தல் நலம்.